விரல் வைத்தால் எழுநூறு

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. என் மனைவி இதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். என்னிடம் வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் மாதமே கும்பிடு போட்டுவிட்டுப் போனவர்களும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். பேசிவிட்டால் என் மனது லேசாகிவிடும். கேட்டவர் மனது என்ன ஆகிறது என்று நான் திரும்பிப் பார்த்ததில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். நான் ஒரு வேனின் வயிற்றுக்கடியில் மல்லாந்து படுத்திருந்தேன். ஒரு கார் எங்கள் தெருவுக்குள் திரும்பும் சத்தம் கேட்டது. எழுந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆறு சிலிண்டர் எஞ்சின். நிறுத்தத்துக்கு வந்தால் அடங்க வேண்டும். அது அடங்காமல், யாரோ ஆக்ஸிலரேட்டரில் கால் வைத்தபடியே தூங்கிப்போன மாதிரி கத்திக்கொண்டே வந்தது. கையிலிருந்த ஸ்பேனர் நழுவி என் நெஞ்சில் விழுந்தது. அந்தச் சத்தத்தை அதற்கு முன் ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறேன்.

வெளியே வந்தால் பல் டாக்டர் நிற்கிறார். தலை முழுக்க வெளுத்துவிட்டது. கார் மட்டும் அப்படியே இருந்தது. கரும்பச்சை, இரண்டே கதவு, நீளமான மூக்கு. முப்பது வருடத்துக்கு முன்னால் சாலையில் இதை முந்திப் போக யாருக்கும் தைரியம் இருந்ததில்லை. கியர் மட்டும் ஆட்டோமேட்டிக். டாக்டருக்கு இடது முழங்காலில் பிரச்சினை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கார் மோதித்தான் என் அப்பா செத்தார். ஒன்பது வருடம் ஆகிறது. ஸ்டியரிங்கில் இருந்தது நான். ஆனால் அதற்குக் காரணம் என் தங்கச்சி என்று அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவள் எங்கள் வீட்டு வாசற்படி மிதித்ததில்லை.

"வேற வழியில்லாமதான் தம்பி வந்தேன்," என்றார் டாக்டர். கண்ணைப் பார்க்காமல் பேசினார். "அன்னைக்கு ஷெட்ல விட்டது, இந்த வருஷம்தான் வெளிய எடுத்தேன். வித்துடலாம்னு. மூணு எடத்துல காட்டிட்டேன். சென்சார் மாத்தினாங்க, ஏதோ வால்வு மாத்தினாங்க. கம்ப்யூட்டர சொருகி சொருகிப் பாத்தாங்க. ஐட்லிங் எறங்கவே மாட்டேங்குது. வாங்க வர்றவன் ஸ்டார்ட் பண்ணதும் கும்பிட்டுட்டுப் போயிடறான்."

"எவ்வளவு நிக்குது?"

"ரெண்டாயிரத்தத் தொடுது. வேண்டாம்னா சொல்லிடுங்க. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

ஐட்லிங்கில், அதாவது வண்டி சும்மா நிற்கும்போது, நிமிடத்துக்கு எழுநூறு சுற்றில் நிற்க வேண்டிய எஞ்சின் அது. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் வேறொரு நினைப்பு வந்துவிட்டது. அந்த ஸ்க்ரூ. எஞ்சினுக்குக் காற்று விடும் த்ராட்டிலின் அடியில், எஞ்சினுக்கும் அதன் பின்னால் இருக்கும் தகட்டுச் சுவருக்கும் நடுவே ஒளிந்து, ஐட்லிங்கை ஏற்றி இறக்கும் அந்தச் சின்ன ஸ்க்ரூவை என் தங்கச்சி தப்பான பக்கம் திருகினாள் என்றுதான் ஒன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கண்ணால் பார்த்ததில்லை. இப்போது கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று தோன்றியது. அப்பா போன பிறகு கோபம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டு வந்தது. அது தேய்வது எனக்குப் பயமாக இருந்தது என்பதும் உண்மை.

"உள்ள விடுங்க டாக்டர்," என்றேன். "வேணாம், நீங்க எறங்குங்க. தள்ளிக்கலாம்."

எஞ்சினை அணைத்து, இருவரும் சேர்ந்து தள்ளி உள்ளே கொண்டுவந்தோம். பட்டறைக்குள் எந்த வண்டியும் சொந்தக் காலில் நுழையக் கூடாது என்பது ஒன்பது வருடமாக என் சட்டம்.

*

அன்றைக்கு நடந்தது இவ்வளவுதான். டாக்டர் காலையில் காரை விட்டுவிட்டு, "ரெண்டு நாளா ஐட்லிங் கொஞ்சம் தூக்கலா இருக்கு," என்று சொல்லிப் போனார். நான் தங்கச்சியைக் கூப்பிட்டு, "அந்த ஸ்க்ரூவ என்னன்னு பாரு," என்றேன். சொல்லிவிட்டுச் சாமான் வாங்கக் கிளம்பிவிட்டேன். அப்போது அப்பா, நான், அவள் மூன்று பேரும்தான் பட்டறை. அப்பாவுக்கு வயதாகிவிட்டது, காதும் மந்தம். நாற்பது வருடம் எஞ்சினுக்குப் பக்கத்தில் தலையைக் கொடுத்தவருக்குக் காது மிஞ்சினால்தான் அதிசயம். எங்கள் மூன்று பேரில் நல்ல காது அவளுக்குத்தான். எஞ்சின் ஓடும்போது கண்ணை மூடிக்கொண்டு நின்று, இன்ன இடத்தில் இன்ன கோளாறு என்று சொல்வாள். பத்தில் எட்டு சரியாக இருக்கும். மீதி இரண்டையும் நான் மாதக்கணக்கில் சொல்லிக் காட்டுவேன்.

மத்தியானம் திரும்பி வந்தேன். ஒரு வேனை உள்ளே விட வேண்டியிருந்தது. டாக்டர் கார் வழியில் நின்றது. தங்கச்சி பின்னால் கை கழுவிக்கொண்டிருந்தாள். நான் காரில் ஏறினேன். ஏறினேன் என்று கூடச் சொல்ல முடியாது. பாதி உட்கார்ந்து, கதவைத் திறந்து போட்டு, ஒரு காலைத் தரையில் வைத்துக்கொண்டு வண்டியை நகர்த்துவது மெக்கானிக்குகளின் பழக்கம். இரண்டடி நகர்த்த எவன் ஒழுங்காக உட்காருவான்? ஸ்டார்ட் பண்ணினேன். எஞ்சின் கத்தியது. குளிர்ந்த எஞ்சின், கொஞ்சம் கத்தத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். பிரேக்கைச் சும்மா தொட்டுக்கொண்டு கியரைப் போட்டேன்.

கார் நகரவில்லை. பாய்ந்தது. அப்பா வேலை மேசைக்கு முன்னால், கீழே விழுந்த எதையோ எடுக்கக் குனிந்திருந்தார். அவருக்குச் சத்தம் கேட்கவில்லை.

நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். நாலாம் நாள் சாயங்காலம், டாக்டர்கள் வந்து உயிர் போய்விட்டதென்று சொல்லிவிட்டுப் போன பிறகு, வராந்தாவில் அம்மா, என் மனைவி எல்லோர் முன்னாலும் தங்கச்சியைப் பார்த்துச் சொன்னேன்.

"ஸ்க்ரூவ எந்தப் பக்கம் திருப்பறதுன்னு தெரியாதவ எதுக்கு ஸ்பேனரத் தொட்ட? நீதான் கொன்ன."

"அண்ணா, நான் தொடவே இல்லண்ணா," என்றாள். "கண்ணாடி வெச்சுப் பாத்தேன். அப்பா வெச்ச பூச்சு அப்படியே இருந்துச்சு. அதனால தொடல. வேற எங்கயோ காத்து இழுக்குதுன்னு உங்கிட்ட சொல்லணும்னுதான்..."

"பானெட்டத் திறந்தவ தொடாமலா இருந்திருப்ப? பொய் வேறயா?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் சொன்ன பூச்சு என்னவென்றும் சொல்லிவிட வேண்டும். அப்பா எந்த ஸ்க்ரூவைச் சரிபார்த்து வைத்தாலும் அதன் தலையில் ஒரு பொட்டு நெயில் பாலிஷ் வைத்துவிடுவார். யாராவது திருகினால் பூச்சு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். அந்த பாட்டில் தங்கச்சி காலேஜில் படிக்கும்போது ஆசையாக வாங்கியது. அடர்ந்த ஊதா நிறம். ஒரே ஒரு நாள் போட்டுக்கொண்டாள். மறுநாள் கிரீஸில் கை வைத்ததோடு அந்த ஆசை முடிந்தது. அப்பா அதைத் தூக்கித் தன் டூல் பெட்டியில் போட்டுக்கொண்டார். "ஒனக்கு இல்லாத அழகு என் ஸ்க்ரூவுக்கு வரட்டும்," என்று அவளைக் கேலி செய்வார்.

ஆக, அந்தக் கார் என் பட்டறையில்தான் நாலு நாளும் நின்றது. ஒரு கண்ணாடித் துண்டை உள்ளே நீட்டிப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. துக்கத்தில் தோன்றவில்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். தோன்றத்தான் செய்தது. பார்க்கப் பயமாக இருந்தது.

*

டாக்டரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தேன். கைப்பிரேக் இழுத்து, நாலு சக்கரத்துக்கும் கட்டை வைத்து, கியர் விலகியிருப்பதை இரண்டு முறை பார்த்துவிட்டு ஸ்டார்ட் பண்ணினேன். சூடேறும் வரை காத்திருந்தேன். சுற்றுகளைக் காட்டும் முள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில் நின்றது.

ஐட்லிங் ஏறி நிற்கிறது என்றால் எங்கிருந்தோ எஞ்சினுக்கு அளவுக்கு மேல் காற்று போகிறது என்று அர்த்தம். த்ராட்டில் முழுசாக மூடாமல் இருக்கலாம். ஐட்லிங்கைப் பார்த்துக்கொள்ளும் வால்வு திறந்தே கிடக்கலாம். எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று சென்சார் பொய் சொல்லலாம். இல்லையென்றால் எங்கேயாவது ஓட்டை.

கேபிளைப் பிடித்து ஆட்டினேன். தொளதொளப்பு சரியாக இருந்தது. வால்வுக்குப் போகும் ஹோஸைக் குறடால் நெரித்தேன். முள் நூறு இறங்கியது, அதற்கு மேல் அசையவில்லை. பிரேக்குக்குப் போகும் ஹோஸை நெரித்தேன். ஒன்றும் இல்லை. சென்சார் புத்தம் புதிது.

"பல்லு மாதிரிதான் தம்பி," என்றார் டாக்டர் நாற்காலியிலிருந்து. "வலிக்கற எடம் ஒண்ணு, கோளாறு இருக்கற எடம் ஒண்ணு. நோயாளி கை காட்டற பல்லப் பிடுங்கினா மாட்டிக்குவோம்."

"நீங்க சும்மா இருங்க டாக்டர்," என்றேன். சுள்ளென்றுதான் வந்தது. அவர் பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

மிச்சம் இருந்தது ஸ்க்ரூ. எஞ்சினை அணைத்தேன். காற்று வடிகட்டிப் பெட்டியைக் கழற்றினேன். சின்னக் கண்ணாடியையும் விளக்கையும் எடுத்து உள்ளே நீட்டினேன். எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் ஒரு விரல் கனத்துக்கு அப்பியிருந்தது. குச்சியில் துணியைச் சுற்றி, பெட்ரோலில் தொட்டு, மெதுவாகத் துடைத்தேன். குச்சியிலிருந்து துணி இரண்டு முறை நழுவி விழுந்தது. கிடைக்கப்போகிறது என்ற வெறி என்று நினைத்துக்கொண்டேன்.

பிசுக்கு போனதும் கண்ணாடியில் ஊதா தெரிந்தது.

ஸ்க்ரூவின் தலையும் அதைத் தாங்கும் இரும்பும் சேர்ந்து ஒரே பொட்டு. கீறல் இல்லை, விரிசல் இல்லை. அப்பா தூரிகையை எடுத்தபோது ஓரத்தில் இழுபட்ட வால் கூட அப்படியே காய்ந்து நின்றது. விளக்கை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன். யாராவது திருகிவிட்டு மறுபடி பூசியிருக்கலாம் என்று கூட நினைத்துப் பார்த்தேன். என் புத்தி அப்படி. ஆனால் பூச்சுக்கு அடியில் பழைய பூச்சு எதுவும் இல்லை. அப்பா வைத்த நாளிலிருந்து யாரும் தொடவில்லை. அவளும் தொடவில்லை.

"என்ன தம்பி, ஏதாவது தெரியுதா?"

"இல்ல," என்றேன்.

அப்படியானால் எங்கே? பெட்டியை மறுபடி மாட்டி எஞ்சினை ஓட விட்டேன். ஸ்ப்ரே டப்பாவை எடுத்து, காற்று இழுக்கக்கூடிய ஒவ்வொரு இடமாக அடித்துக்கொண்டே போனேன். ஓட்டை இருக்கும் இடத்தில் அடித்தால் எஞ்சின் குரல் மாறும். முன்பக்கம் மாறவில்லை. நடுவில் மாறவில்லை. கடைசியில், எஞ்சினுக்குப் பின்னால், சுவரை ஒட்டி, கண்ணுக்கே எட்டாத இடுக்கில் அடித்தேன். குரல் சட்டென்று மாறியது.

தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டேன். சூடு சுட்டது. ஒரு சின்னக் குழாய், அதன் முனையில் ரப்பர். ரப்பர் வெடித்திருந்தது. விரல் நுனியை வெடிப்பின் மேல் வைத்தேன். உள்ளிருந்து ஏதோ என் விரலைப் பிடித்து இழுத்தது. அழுத்தினேன்.

எஞ்சின் அடங்கியது. ஆயிரத்தைந்நூறு, ஆயிரம், எழுநூறு. எழுநூற்றில் முள் ஆடாமல் நின்றது.

"அட! அவ்வளவுதானா?" டாக்டர் எழுந்தே விட்டார். "என்ன பண்ணினீங்க?"

நான் விரலை எடுத்தேன். மறுபடி அலறியது. வைத்தேன். அடங்கியது. விரல் வைத்தால் எழுநூறு, எடுத்தால் ரெண்டாயிரம். நாலைந்து முறை அப்படியே செய்துகொண்டிருந்தேன். டாக்டருக்கு நான் விளையாடுகிறேன் என்று பட்டிருக்கும்.

அது என்ன ரப்பர் என்று எனக்குக் கண்ணால் பார்க்க வேண்டியிருக்கவில்லை. விரலுக்கே தெரிந்துவிட்டது. முனை குமிழாக, கழுத்து குறுகி, கழுத்தில் கம்பி மூன்று சுற்று சுற்றி நுனியை உள்ளே மடித்து விட்டிருந்தது. இந்தப் பட்டறையில் கம்பியை அப்படி மடிக்கிறவன் நான் ஒருவன்தான். அப்பா கூட இரண்டு சுற்றோடு விட்டுவிடுவார்.

விபத்துக்கு இரண்டு வருடம் முன்னால் டாக்டர் காரில் க்ரூஸ் கண்ட்ரோல், அதாவது கால் வைக்காமலே வேகத்தைப் பிடித்து வைக்கும் கருவி, பழுதாகிவிட்டது. டாக்டர் அது வேண்டாம் என்றார். நான் கழற்றிப் போட்டேன். அதற்குப் போன, எஞ்சின் காற்றை உறிஞ்சும் வேக்கம் குழாய் ஒன்று வாய் திறந்து நின்றது. மூடி கடையில் வாங்க வேண்டும். அன்றைக்கு எனக்கு எழுந்து போகச் சோம்பல். அலமாரியில் அப்பாவின் காது மருந்து பாட்டில் ஒன்று காலியாகக் கிடந்தது. சொட்டுவிடும் கண்ணாடிக் குழலின் தலையில் இருக்குமே ரப்பர் குமிழ், அதைப் பிடுங்கிக் குழாயில் மாட்டினேன். அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

தங்கச்சி எட்டிப் பார்த்தாள். "இது எத்தன நாளைக்குத் தாங்கும்? எஞ்சின் சூட்டுல வெடிச்சுடாதா?"

"நாளைக்கு நல்ல மூடி வாங்கிப் போட்டுடறேன், போ."

"நாளைக்குன்னா இந்த வருஷமா அடுத்த வருஷமா?"

"ஒன் வேலையப் பாத்துட்டுப் போ."

அந்த நாளை வரவே இல்லை. நான் அதை மறந்துபோய்விட்டேன். அதுதான் உண்மை. ஒன்பது வருடத்தில் ஒரு முறை, ஒரே ஒரு முறை கூட அது எனக்கு ஞாபகம் வரவில்லை. எஞ்சினுக்குள் கையை விட்டபடி, டாக்டர் பார்த்துக்கொண்டிருக்க, நான் அழுதேன்.

*

மாடியில்தான் வீடு. ஏறிப் போய், கையைக் கூடக் கழுவாமல், குழாயிலிருந்து பிடுங்கி எடுத்த அந்தக் குமிழை மனைவி முன்னால் வைத்துச் சொன்னேன். அவள் குமிழைத் தொடாமல் குனிந்து பார்த்தாள்.

"அவ எங்க இருக்கா?" என்றேன்.

"தெரியும்," என்றாள். "மாசத்துக்கு ஒரு தடவ பேசிட்டுத்தான் இருக்கேன்."

"எங்கிட்ட சொல்லல."

"நீங்க கேட்டா சொல்லலாம்னு இருந்தேன். ஒம்பது வருஷமா நீங்க கேக்கல."

அவள் சொன்னதில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். விலாசம் எழுதிக் கொடுத்தாள். ஒரு துணி துவைக்கும் கடை. பஸ்ஸில் முக்கால் மணி நேரம்.

"எஞ்சின்ல கை வெக்கறதே இல்லையாம்," என்றாள். "வீட்டுல ஃபேன் நின்னாக்கூட ஆள் கூப்பிடறாளாம்."

கீழே இறங்கி, நாலு போல்ட்டைக் கழற்றி த்ராட்டிலை முழுசாக வெளியே எடுத்தேன். ஊதாப் பொட்டு உரசிவிடாமல் பஞ்சு வைத்துத் துணியில் சுற்றினேன். குமிழைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். டாக்டரிடம், "நாளைக்கு வாங்க, வண்டி ரெடியா இருக்கும்," என்றேன். நாளைக்கு என்று சொன்னதும் எனக்கே சுருக்கென்றது.

அம்மாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. கடைசி நாட்களில், "அவளும் தெரிஞ்சா செஞ்சா? வரச் சொல்லேன்," என்று கேட்டாள். "அவ வந்தா நான் வெளிய போயிடறேன்," என்றேன். அம்மா அதற்கப்புறம் கேட்கவில்லை. அம்மாவை எடுத்துப் போகும்போது தங்கச்சி தெருவின் எதிர்ப்பக்கம், நிறுத்தியிருந்த கார்களுக்கு நடுவே நின்றாள். நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி போனேன். பஸ்ஸில் அந்த முக்கால் மணி நேரமும் எனக்கு அது மட்டும்தான் கண்ணில் நின்றது.

*

நீளமான கடை. இரண்டு பக்கமும் மெஷின்கள், நடுவில் துணி மடிக்கும் மேசை. அவள் மேசைக்குப் பின்னால் வெள்ளைப் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

"அண்ணிக்கு ஏதாவதா?" என்றாள் பதறிப்போய்.

"இல்ல இல்ல. நல்லா இருக்கா. நான்தான்... நானேதான் வந்தேன்."

அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். உட்காரச் சொல்லவில்லை. நான் உட்கார்ந்தேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு ஒன்று கூட வாயில் வரவில்லை. கோபத்தில் கொட்டுகிற வாய், தேவைப்படும்போது பூட்டிக்கொண்டது. துணியைப் பிரித்து த்ராட்டிலை மேசை மேல், வெள்ளை விரிப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"எதுக்கு அத இங்க எடுத்துட்டு வந்த?"

"நீ தொடல," என்றேன். "அன்னைக்கு நீ சொன்னதுதான் நெஜம். நீ தொடவே இல்ல."

அவள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

"இல்லண்ணா. தொட்டேன்," என்றாள் நிதானமாக. "கால் சுத்து. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. வெளிச்சம் பத்தல. ஸ்க்ரூட்ரைவர் ஒரு தடவ வழுக்குச்சு. அப்புறம் மறுபடி வெச்சுத் திருப்பினேன். எறங்கும்னு நெனச்சு ஏத்திட்டேன் போல. ஆஸ்பத்திரியில பயத்துல பொய் சொல்லிட்டேன். நீ சொன்னதுதான் சரி."

"என்ன சொல்ற நீ?"

"மொதல்ல எனக்கும் ஞாபகம் வரல. நீ அவ்வளவு உறுதியா சொன்ன. அம்மாவும் நம்பினாங்க. ரெண்டு பேரும் காரணம் இல்லாம சொல்ல மாட்டாங்களேன்னு தெனமும் யோசிச்சுப் பாத்தேன். ஒவ்வொரு ராத்திரியும் அந்த பானெட்டத் திறந்து பாத்தேன். அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமா ஞாபகம் வந்துச்சு."

நான் அவளை வீட்டைவிட்டு மட்டும்தான் விரட்டினேன் என்று நினைத்திருந்தேன்.

"இங்க பாரு," என்றேன். த்ராட்டிலைத் திருப்பி, ஸ்க்ரூ மேலே தெரியும்படி அவள் பக்கம் நகர்த்தினேன். "பாரும்மா. அப்பா வெச்சது. ஒன் கலர். உடையல பாரு."

அவள் குனிந்தாள். விளக்குக்குக் கீழே நகர்த்தினாள். நான் பார்த்தது போலவே இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தில் இழுபட்டிருந்த அந்த வாலை நகத்தின் நுனியால், படாமல், தொடர்ந்து போனாள். அவளைவிட நன்றாக அதைப் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை.

நிமிர்ந்து, "அப்போ எது?" என்றாள்.

நான் சட்டைப்பையிலிருந்து குமிழை எடுத்து வைத்தேன். வெடித்துக் காய்ந்த பழுப்பு ரப்பர், கழுத்தில் மூன்று சுற்றுக் கம்பி.

"அப்பாவோட காது மருந்து," என்றாள் உடனே. தினமும் இரண்டு வேளை அவருக்குச் சொட்டு விட்டவள் அவள்தான். அப்புறம் கம்பியைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "நாளைக்கு மாத்திடறேன்னு சொன்ன."

"ஆமா."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அந்தத் த்ராட்டிலை எடுத்து என் தலையில் அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் மெஷினில் சாய்ந்தபடி மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் முதுகும் அதோடு சேர்ந்து அதிர்ந்தது.

"அம்மாகிட்ட ஒத்துக்கிட்டேண்ணா," என்றாள்.

"என்னது?"

"போன்ல. அவங்க போறதுக்கு ஒரு மாசம் முன்னாடி. நான்தாம்மா திருகினேன், பொய் சொல்லிட்டேன்னு அழுதேன். அம்மாவும் அழுதாங்க. மன்னிச்சுட்டேன்டின்னு சொன்னாங்க. ஒன்ன வயித்துல சுமந்தவ நான், நான் மன்னிக்காம யாரு மன்னிப்பான்னு சொன்னாங்க." அவள் முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. "அது ஒண்ணுதான் எங்கிட்ட மிச்சம் இருந்துச்சு. அதப் பிடிச்சுக்கிட்டுத்தான் இத்தன நாள் இருந்தேன். இப்போ அதையும் நான் என்ன பண்றது? செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கிட்டேனே. நான் செய்யலன்னு இனிமே அம்மாகிட்ட யாரு போய்ச் சொல்றது?"

நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "என்ன மன்னிச்சிடு" என்று ஒரு வார்த்தை என்னிடம் இருந்தது. அம்மா சொன்னதைக் கேட்ட பிறகு அதை எடுக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அழுதேன். அவள் என்னைத் தொடவும் இல்லை, நகர்ந்து போகவும் இல்லை.

மெஷின் சுற்றி முடித்து நின்றது. யாரோ ஒரு பெண்மணி கூடையோடு வாசலில் வந்து, எங்களைப் பார்த்து, தயங்கி நின்றாள்.

"இப்போ எவ்வளவு நிக்குது?" என்று கேட்டாள் தங்கச்சி.

"எழுநூறு."

"ஆடாம?"

"ஆடாம. விரல் வெச்சதும் எறங்கிடுச்சு."

தலையாட்டினாள். பிறகு வலது கையை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், இல்லாத ஒரு ஸ்க்ரூட்ரைவரைப் பிடித்த மாதிரி சேர்ந்தன. மெதுவாகக் கால் சுற்று திருகின.

"பூச்சு உடையல. பாத்துட்டேன். நம்பறேன்," என்றாள். "ஆனா எனக்கு ஞாபகம் இருக்கேண்ணா. வழுக்கினது கூட இன்னும் கையில இருக்கு. இத எங்க விரல் வெச்சு நிறுத்தறது?"

அவள் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, வாசலில் நின்ற பெண்மணியின் கூடையை வாங்கப் போனாள்.